பொருளும் வலியறிதலும்

பொருளின்றி உலக வாழ்வு இனிது நடவாதென்பது யாவரும் ஒப்ப முடிந்ததோர் உண்மை. ஆயினும், அப்பொருளைப் பேணுமாறு எங்ஙனம் என்பதைக் கல்லூரி மாணவராகிய நம்முட் பலர் ஒருநாளேனும் அமர்ந்து எண்ணிப் பார்த்ததில்லை. வெண்பாவில் ஒரு தளை பிழைபடினும் அதனைக் கண்டு திருத்தவல்ல நாம், சென்ற திங்களில் நம் கைக்கு வந்த பணம் எவ்வெவ்வழியிற் சென்றதென்று வினவப்படின் விடை கூறமாட்டாது விழிக்கின்றோம். இக்குறை சிறிதன்று. இன்னும் ஓரிரண்டாண்டில் நம்முட் பலர் முதற் சம்பளம் வாங்குவோம். கடன் தருவோம் என்பாரும், பங்கு வாங்குக என்பாரும், காப்பீட்டுப் பத்திரம் எடுக்க என்பாரும், இட்ட பணத்தை ஓராண்டில் இரட்டித்துத் தருவோம் என்பாரும் அன்று நம் வாயிலில் வந்து நிற்பர். அவருட் கொள்ளத்தக்கார் யாவர், தள்ளத்தக்கார் யாவர் என்று தெளியும் அறிவை அவர் வந்த பின்னர்த் தேடுதல், வெள்ளம் வந்தபின் அணை கோலுதலை யொக்கும்.

இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியது ஏட்டறிவன்று. எம் விடுதியில் நேர்ந்ததொரு நிகழ்ச்சியே. எம் நண்பரொருவர், பெயர் ஈண்டு வேண்டா. அவருடைய தாயார் தம் காதிலிருந்த கம்மலை அடகுவைத்துப் பருவக் கட்டணத்திற்கென ரூ. 18,000 அனுப்பினார். கட்டணஞ் செலுத்தும் இறுதி நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அத்துணைக் காலம் அப்பணம் வாளா கிடப்பதேன் என்று நண்பர் எண்ணினார். அவர் கைப்பேசியிற் சேர்ந்திருந்த குழுவொன்றில், நாடோறும் தாம் ஈட்டிய இலாபத்தைப் படமெடுத்துக் காட்டுவோர் சிலர் இருந்தனர். அவர் சொற்படி, பங்குச் சந்தையில் 'ஆப்ஷன்' எனப்படும் ஒப்பந்தங்களை வாங்கினார். முதல் நாளில் ரூ. 1,400 இலாபம் வந்தது. அவ்விலாபமே தூண்டில் முள்ளிற் கோத்த இரையாயிற்று. நான்காம் நாள் மாலையில் அவரிடம் எஞ்சி நின்றது ரூ. 2,300.

தாய்க்கு உரைக்க நாணிய அவர், கைப்பேசி வழியே கடன் தரும் செயலியொன்றை நாடினார். ரூ. 5,000 கடனென்று எழுதிக்கொண்டு ரூ. 3,400 மட்டுமே கையிற் கொடுத்தனர். ஏழாம் நாளில் ஐயாயிரமுங் கேட்டனர். தவணை தப்பிய அன்றே, நண்பருடைய கைப்பேசியிற் பதிந்திருந்த எண்களுக்கெல்லாம் இழிமொழிகள் சென்றன. அவ்வெண்களுள் எம்முடையதும் ஒன்று; அவர் ஊர்ச் சபையின் போதகரையா எண் ஒன்று; அவர் தாயாரின் எண் ஒன்று. அத்தாயார் செய்தியை அறிந்தது இவ்வாறே.

அந்நண்பர் பேராசைக்காரரல்லர், மூடருமல்லர். எம் வகுப்பிற் சொல்லதிகாரத்தை அவரினுந் தெளிவாக உரைப்பார் இலர். அவருக்கு இல்லாதிருந்தது ஒன்றே: தம் பணத்தின் வலி எவ்வளவென்னும் அறிவு. இதுபற்றி எண்ணுங்கால், யாம் பாடமாகப் பயிலும் திருக்குறளில் ஓர் அமைப்பு எம் கருத்தைக் கவர்ந்தது. அந்நூலின் 133 அதிகாரங்களுள் 70 பொருட்பாலுக்குரியன. அவற்றுட் 'பொருள் செயல்வகை' என ஓரதிகாரம் தனியே உண்டு. ஆயினும், செலவு வரவைக் கடவாதிருத்தல் வேண்டுமென்னுங் கருத்தை வள்ளுவனார் அவ்வதிகாரத்தில் வைத்திலர். 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்தனர். போர்மேற் செல்லும் அரசன் தன் வலியும் மாற்றான் வலியும் எடையிட்டறிதல் வேண்டுமென்று கூறுமிடம் அது. ஆங்கே வரவுசெலவுக் கணக்கிற்கும் இடந்தந்த நுட்பம் போற்றத்தக்கது. பொருள் பேணுதலின் முதற்படி, எதில் இட்டால் மிகுதி வரும் என்று கேட்பதன்று. எம்மால் எவ்வளவு இயலும், எவ்வளவு காலம் பொறுக்க இயலும், எவ்வளவு இழப்பைத் தாங்க இயலும் என்று தன்னையே கேட்டுக்கொள்வதாம்.

நம் வேதாகமத்துத் தாலந்து உவமையும் இதனையே காட்டுகின்றது. எசமான் தன் ஊழியரிடம் ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகத் தாலந்துகளைப் பகிர்ந்தது அவரவர் திறமைக்குத் தக்கவாறே யன்றி ஒரே அளவாகவன்று. ஒரு தாலந்து பெற்றவன் அதனை மண்ணிற் புதைத்தான். அவன் களவு செய்தானல்லன், ஊதாரியாய்ச் செலவிட்டானுமல்லன். அச்சத்தாற் புதைத்தான், அதுவே குற்றமாயிற்று. அவன் பெருவாணிகம் செய்திலன் என்று எசமான் கடிந்திலன். காசுக்காரர் கையிலாவது கொடுத்திருக்கலாமே என்றுதான் கடிந்தான். சிறுவலியுடையானுக்குச் சிறுவழி உண்டென்பதும், அதனையும் செய்யாதிருத்தலே பிழையென்பதும் இதனாற் பெறப்படும்.

நாளைக்காகக் கவலைப்படுதல் விசுவாசக் குறைவன்றோ என்று நம் சபைகளிற் சிலர் கூறுவர். கவலை வேறு, கருதிச் செய்தல் வேறு. எகிப்து நாட்டில் ஏழாண்டு விளைவு மிக்கபோது ஐந்திலொரு பங்கைக் களஞ்சியத்திற் சேர்ப்பித்த யோசேப்பு விசுவாசங் குறைந்தவனென்பார் யார்? அவன் சேர்த்தமையாலன்றோ பஞ்சத்தில் ஒரு நாடே பிழைத்தது? கவலைப்படுவோன் இரவெல்லாம் விழித்திருப்பான். முன்னரே கருதிச் செய்தோன் உறங்குவான். நம் தாயார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுதலை நாம் இளமையிலேயே கண்டிருக்கின்றோம். அப்பிடியரிசி ஒருநாளும் சோற்றைக் குறைத்ததில்லை. திங்கள் முடிவில் காணிக்கைக்கோ, வந்த விருந்தினர்க்கோ குறைவின்றிப் பயன்பட்டது. உண்டபின் மிஞ்சியதை எடுத்து வைப்பதன்று, உலையிலிடுமுன் எடுத்து வைப்பதே அம்முறையின் உயிர். சேமிப்பின் இலக்கணம் முழுதும் அக்கைப்பிடிக்குள் அடங்கியிருக்கின்றது.

ஆதலின், தொடங்குவோன் முதலிற் செய்யத்தக்கது ஒரு கணக்கேடு வைத்தலாம். மூன்று திங்கள் வரை எவ்வித மாற்றமுஞ் செய்யாது, வரவு இன்னது, செலவு இன்னது என்று எழுதிவரின் போதும். தேநீர்க்கடையும், கைப்பேசிக் கட்டணமும், நண்பரொடு சென்ற உணவகமும் தத்தம் உருவைத் தாமே காட்டும். யாம் இவ்வாறு எழுதியபோது, விடுதி உணவு இருக்கவும் வெளியுணவிற்குத் திங்கள்தோறும் ரூ. 900 செலவிட்டமை கண்டு வெட்கினோம். இரண்டாவது செய்யத்தக்கது, எதிர்பாரா இடருக்கென ஒரு சேமநிதி. வேலையிலுள்ளார் மூன்று முதல் ஆறு திங்கட் செலவிற்குப் போதிய தொகையை எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்தல் நலம் என்பது இத்துறையறிந்தார் பலர் கொள்கை. மாணவருக்கு ஒரு திங்கட் செலவும், ஊருக்குச் சென்று மீளும் கட்டணமும் இருப்பினும் போதும். இந்நிதி இல்லாதவன் ஒரு காய்ச்சல் வந்தாலும் கடன்காரனாவான்.

கடனைப்பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். நம் நாட்டில் வட்டியைத் திங்களுக்கு நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்று கூறுதல் வழக்கம். 'இரண்டு ரூபாய் வட்டி' என்பது செவிக்கு எளிதாகவே இருக்கின்றது. ஆண்டிற்கு அது நூற்றுக்கு 24. 'ஐந்து வட்டி' 60. 'பத்து வட்டி' 120. அஃதாவது ஓராண்டில் முதலினும் வட்டி மிகும். கடனட்டையில் திங்களுக்கு நூற்றுக்கு மூன்று என்பதும் ஆண்டிற்கு 36-க்குக் குறையாது. எம் நண்பர் வாங்கிய செயலிக் கடனைக் கணக்கிட்டோம். கையிற் பெற்றது 3,400. ஏழு நாளில் மிகையாகக் கேட்டது 1,600. வாரத்திற்கு நூற்றுக்கு 47 வட்டி! கந்து வட்டியை ஒழித்தற்கெனத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், கந்து வட்டிக்காரன் வாயிலில் வந்து நின்ற காலம் போய், இன்று நம் சட்டைப் பையினுள்ளேயே குடியிருக்கின்றான். எவ்வட்டியையும் ஆண்டுக் கணக்காக்கிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுக. நூற்றுக்கு 24 வட்டிக் கடன் உடையான் ஒருவன், நூற்றுக்கு 7 தரும் வைப்பைத் தேடி அலைதல் அறியாமை. கடனை அடைத்தலே அவனுக்கு ஐயமற்ற 24 தரும் முதலீடாகும்.

கடனிற் பகையாய் நிற்கும் வட்டியே சேமிப்பில் நட்பாய் நிற்கின்றது. ஒருவன் தன் இருபதாம் வயது தொடங்கி நாற்பதாண்டு, ஆண்டின் இறுதிதோறும் ரூ. 6,000 சேர்க்கின்றான் எனக் கொள்வோம். திங்களுக்கு ஐந்நூறே யாகின்றது. ஆண்டிற்கு நூற்றுக்கு 8 வீதம் கூட்டுவட்டி வருமாயின், அறுபதாம் வயதில் அவன் கையில் ஏறத்தாழ ரூ. 15,54,000 இருக்கும். மற்றொருவன் அதே தொகையை முப்பதாம் வயதில் தொடங்கி முப்பதாண்டு சேர்ப்பின், அவனுக்கு ஏறத்தாழ ரூ. 6,80,000 கிடைக்கும். முன்னவன் மிகுதியாக இட்டது ரூ. 60,000, மிகுதியாகப் பெற்றதோ எட்டே முக்கால் இலட்சத்தை யொட்டியது. இவ்வேறுபாட்டைச் செய்தது அறிவன்று, ஆற்றலன்று, காலமே. செல்வர் மக்களுக்குப் பொருள் உண்டு. வறியர் மக்களாகிய நமக்கு உள்ள ஒரே முதல் இளமைக் காலமாகும். அதனை வீணே கழித்தல் முதலையே அழித்தலாம்.

கூட்டுவட்டியை விரைந்து அறிதற்கு ஓர் எளிய வழியுண்டு. 72 என்னும் எண்ணை வட்டி வீதத்தால் வகுப்பின், பணம் இரட்டிக்கும் ஆண்டுகள் தோன்றும். நூற்றுக்கு 8 எனின் ஒன்பதாண்டு. 6 எனின் பன்னிரண்டாண்டு. இக்கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. பண்டங்களின் விலை ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 ஏறுமாயின், பெட்டியிற் பூட்டிய பணத்தின் வலி பன்னிரண்டாண்டிற் பாதியாய்விடும். மண்ணிற் புதைத்த தாலந்து அளவிற் குறையாது. ஆயின், அதனாற் கொள்ளத்தக்க அரிசி குறைந்துகொண்டே செல்லும்.

இனிச் சேமித்த பணத்தை எங்கே வைப்பது? மிகச் சிறுவலியுடையார்க்குத் தபால் நிலையம் உண்டு. இந்நாட்டில் தபால் நிலையச் சேமிப்பு முறை 1882-ம் ஆண்டு தொடங்கியது. திங்களுக்கு ரூ. 100 கட்டி ஐந்தாண்டில் எடுக்கும் தொடர் வைப்பும், ஆண்டிற்கு ரூ. 500 கட்டினும் நிலைபெறும் பதினைந்தாண்டுப் பொது வருங்கால வைப்பு நிதியும் ஆங்கே உண்டு. அவற்றுக்கு அரசே பிணை. அடுத்து வருவது பாங்கி. பாங்கியில் இட்டது ஒருநாளும் அழியாதென்பது பலர் எண்ணம். சென்னைநகர் அவ்வெண்ணத்திற்கு மிகுந்த விலை கொடுத்திருக்கின்றது. 1906-ம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பெரும்புகழ் வாய்ந்த அர்பத்னாட்டு என்னும் ஆங்கிலேயர் கம்பெனி திடீரென முறிந்தது. பென்ஷன் பெற்றாரும், கைம்பெண்களும், உத்தியோகஸ்தரும் தம் வாணாட் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்னாட்டு தண்டனை பெற்றுச் சிறை புகுந்தார். வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-ல் இந்தியன் வங்கி தோன்றியதும் அதன் பயனாகவே. பின்னர் 1960-ல் கேரளத்துப் பாலாய் மத்திய பாங்கி வீழ்ந்தது. அதன்பின் 1961-ல் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முதற்கண் ஒருவர்க்கு ஒரு பாங்கியில் ரூ. 1,500 வரையே காப்பு இருந்தது. 2020 பெப்ரவரியில் அவ்வளவு ரூ. 5 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தனியார் நிதி நிறுவனத்தில் இட்ட வைப்பிற்கும் சீட்டிற்கும் இக்காப்பு இல்லை. பெயர்ப்பலகையின் பெருமையைக் காணாது காப்பின் அளவைக் காண்க என்பதே 1906 நமக்குக் கற்பித்த பாடம்.

பங்கு என்பது யாது? ஒரு தொழிலில் உடைமை கொள்ளும் சிறு கூறு. தொழில் வளரின் கூறும் வளரும், தேயின் தேயும். ஆதலால் அதனை வாங்குதல் தன்னளவிற் குற்றமன்று. ஆயின் அதன் விலை கடலலைபோல் ஏறியிறங்கும். பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடாகிய சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐ யொட்டி நின்றது. அவ்வாண்டு நவம்பரில் 8,500-க்குங் கீழ் வீழ்ந்தது. 2010 நவம்பரில் மீண்டும் 21,000-ஐ எய்தியது. இவ்வீழ்ச்சியிலும் பொறுத்திருந்தவன் ஏறக்குறைய முதலை மீட்டான். 2008 நவம்பரில் மகளின் திருமணத்திற்கெனப் பணம் எடுக்க நேர்ந்தவன் நூற்றில் அறுபது இழந்தான். இருவர் வாங்கியதும் ஒன்றே. பொறுக்கும் வலியே வேறு. ஆதலின், ஐந்தாண்டுக்குள் வேண்டிவரும் பணத்தைப் பங்கில் இடலாகாது. எம் நண்பரின் பணத்திற்கு இருந்த வாணாள் மூன்று வாரம். அஃது எவ்வகையானும் சந்தைக்குரிய பணமன்று. நெடுங்காலம் பொறுக்கவல்லார்க்கும், ஒரே கம்பெனியின் பங்கை நாடுதலினும், பல கம்பெனிப் பங்குகளைக் குறியீட்டின்படி வாங்கி வைக்கும் பரஸ்பர நிதியில் திங்கள்தோறும் சிறுதொகை இட்டுவருதல் தொடங்குவோர்க்கு ஏற்ற வழியென்பது எம் கருத்து. அதிலும் இடைத்தரகுக் கூலி இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் உள்ளன.

பங்கு வேறு, எம் நண்பர் வாங்கிய 'ஆப்ஷன்' வேறு. குறித்த நாளுக்குள் விலை இவ்வளவைக் கடக்குமா, கடவாதா என்பதன்மேல் நிற்பது அது. நாள் கழியின் கொடுத்த பணமுங் கழியும். பெருவணிகர் தம் இழப்பைக் காத்தற்குக் கண்ட அக்கருவி, சிறியோர் கையிற் சூதாட்டக் கவறாகின்றது. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி வாரியம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இத்துறையில் இறங்கிய தனி நபருள் நூற்றுக்கு 93 பேர் இழப்பெய்தினர். அவர்தம் மொத்த இழப்பு ரூ. 1.8 இலட்சங் கோடிக்கு மேற்பட்டது. நூறு மாணவர் எழுதும் தேர்வில் 93 பேர் தோற்பரெனின் அத்தேர்விற்குக் கட்டணங் கட்டுவார் யார்? வள்ளுவனார் 'பொருள் செயல்வகை'யையும் 'சூதை'யும் வெவ்வேறு அதிகாரமாக வகுத்தது காரணமின்றியன்று.

சூதினும் கொடிது வஞ்சகம். ஈரோட்டுப் பக்கத்தில் ஈமுக் கோழி வளர்ப்பிற் பணமிட்டால் திங்கள்தோறும் தொகையும், ஆண்டுதோறும் ஊக்கப்பணமுந் தருவோமென்று கூறிய நிறுவனங்கள் 2012-ல் வீழ்ந்தமையும், உழவர் பலர் நிலத்தை அடகுவைத்து இட்ட பணத்தை இழந்தமையும் நாம் கேட்டறிந்ததே. இத்தகைய வைப்பாளரைக் காத்தற்குத் தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆயினும், சட்டம் வந்து சேருமுன் பணம் சென்று சேர்ந்துவிடுகின்றது. இவ்விடத்துத் துணையாவது எளிய கணக்கே. திங்களுக்கு நூற்றுக்கு 10 தருவோம் என்பானை நோக்கி ஒன்று கேட்கலாம்: நேர்மையான தொழிலால் அவ்வளவு வருமாயின், ஓர் இலட்சம் ஓராண்டில் மூன்று இலட்சத்தைக் கடக்கும், ஐந்தாண்டில் மூன்று கோடியைக் கடக்கும். அவ்வித்தை கைவரப்பெற்றான், நம் பத்தாயிரத்தை நாடி நம் வாயிலுக்கு வருவானேன்? உறவினர் சொன்னார், சபையில் மூப்பர் சேர்ந்திருக்கின்றார் என்பன சான்றாகா. வஞ்சகன் முதலில் நாடுவது நம் பணத்தையன்று. நாம் நம்பும் மனிதரையே.

காப்பீட்டைப்பற்றியும் ஒரு சொல். காப்பீடு என்பது இழப்பைப் பலர் பகிர்ந்து தாங்கும் ஏற்பாடு. அதனைச் சேமிப்பென்று கருதுதல் குடையைக் கூரையென்று கருதுதலாம். தன்னை நம்பி வாழ்வார் உளராயின், குறித்த காலத்து உயிரிழப்பிற்கு மட்டும் ஈடு தரும் எளிய பத்திரமும், மருத்துவச் செலவிற்கான காப்பீடும் போதும். நம் போல்வார்க்கும் ஒரு சிறு வழியுண்டு. 2015-ல் அரசு தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டிற்கு 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் ரூ. 20, ஈடு ரூ. 2 இலட்சம் வரை. இரண்டு குவளைத் தேநீரின் விலையே!

நகையைப் பலர் இகழ்வர். யாம் முற்றும் இகழோம். செய்கூலியும் சேதாரமுமாக வாங்கும்போதே ஒரு பகுதி கழிதலின், நகை சிறந்த முதலீடன்று. ஆயினும், பாங்கியின் வாயிலை ஒருநாளும் மிதியாத தாய்மார்க்கு அதுவே சேமநிதியாக இருந்து வந்திருக்கின்றது. நண்பரின் தாயார் கம்மலைக் கழற்றியபோது, தம் முப்பதாண்டுச் சேமிப்பைக் கழற்றித் தந்தனர். அவர்க்குத் தம் பொருளின் வலி எவ்வளவென்று தெரிந்திருந்தது. படித்த மகனுக்கே தெரிந்திலது.

இவ்வளவுங் கூறியது, பொருளையே வாழ்வின் குறிக்கோளாகக் கொள்க என்றற்கன்று. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய ஐசுவரியவான், அன்றிரவே ஆவியை இழந்த கதையை நாம் அறிவோம். பொருளுக்கு உடையவரல்லம், உக்கிராணக்காரரே நாம். உக்கிராணத்தின் திறவுகோலை வைத்திருப்பவன், உள்ளே இருப்பது யாது, வெளியே சென்றது யாது என்று அறியாதிருத்தல் தகுமா? கணக்கறியாதான் ஈகையும் அறியான். பிறனுக்கு ஈய நினைக்குங்காற் பை வெறுமையாயிருத்தலைக் கண்டு நாணுவான்.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. முதலாண்டு மாணவர்க்கு, கலைப்பிரிவு அறிவியற்பிரிவு என்னும் வேறுபாடின்றி, வட்டிக் கணக்கும், கடன் பத்திரம் படிக்கும் முறையும், வைப்பிற்கும் சூதிற்கும் உள்ள வேற்றுமையும் கற்பிக்க ஆண்டிற்குச் சில மணி நேரமாவது ஒதுக்குமாறு நம் கல்லூரித் தலைவரையும் ஆசிரியப் பெருமக்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். பொருளியற்றுறையார் மனம் வைப்பின் இஃது அரிதன்று. இரண்டாவது வேண்டுகோள் மாணவ நண்பர்க்கு. இத்திங்களிலேயே ஒரு கணக்கேடு வாங்குக. அருகிலுள்ள தபால் நிலையத்தில் நூறு ரூபாய்க்கேனும் ஒரு கணக்குத் தொடங்குக. தொகையின் சிறுமை நோக்கி நாணற்க. பழக்கமே ஈண்டு முதல்.

எம் நண்பர் அப்பருவத் தேர்வை எழுதிலர். அறையிலுள்ளார் சேர்ந்து கடனை அடைத்தோம்; மீண்டும் எழுதத் தொடங்கிய கணக்கேட்டில் அத்தொகையை அவர் முதல் வரியாக எழுதி வைத்திருக்கின்றார். விடுமுறை நாட்களில் வேலை செய்து திங்கள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பியும் வருகின்றார். அடகுக்கடையிலுள்ள கம்மலுக்கு வட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றது. அஃது அத்தாயின் காதிற்கு மீளும் நாள் எந்நாளென்று அவ்வேட்டின் கடைசிப் பக்கத்திற் கணக்கிட்டு வைத்திருக்கின்றார்: இன்னும் பதினொரு திங்கள். அக்கணக்கை முன்னரே எழுதக் கற்றிருப்பின் அக்கம்மல் அடகிற்குச் சென்றும் வீண்போயிராது. பின்வரும் மாணவரேனும் அதனை முன்னரே கற்பாராக.